பாறையேறுவோர்க்கு ஒரு விஞ்ஞானக் கண்ணாடி
(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில் எழுதப்பட்டது)

முன்னுரை



காரைக்காலில் பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பாறை என்றால், கடலோரத்தில் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களும் வீட்டு அம்மியும்தான் நினைவுக்கு வரும். அவைகூட வெளியூரிலிருந்து லாரியில் வந்தவை. காவிரியும் அரசலாறும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணில் திருநள்ளாறு முதல் திருமலைராயன்பட்டினம் வரை எங்கு தேடினாலும் ஒரு குன்று கிடையாது. சுற்றுலா சென்றால் திருச்சி மலைக்கோட்டையைப் பார்த்து வாயைப் பிளப்பவர்கள் நாம். அதன் உயரம் 83 மீட்டர்தான்.

"அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பாறையேறுவோர்க்குக் கருவி அமைப்பதைப் பற்றி எழுதுவானேன்?" என்று நீங்கள் கேட்கலாம். கருவி செய்யும் கலையை அறிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே எங்கள் பதில். பாறையில் தொங்குகிறவருக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும். கண்ணும் வேலையாக இருக்கும். தவறினால் உயிர் போகும். அத்தகையவருக்கு உதவும் கருவி எது, தொல்லை தரும் கருவி எது என்று சிந்தித்தால் மற்ற எந்தக் கருவியைப் பற்றியும் நாம் தெளிவாகப் பேசலாம். அதை இங்கே முறையாகக் காண்போம்.

மிகைமெய்ம்மை என்பது யாது?

ஆங்கிலத்தில் 'ஆக்மென்டட் ரியாலிட்டி' எனப்படுவதைத் தமிழில் 'மிகைமெய்ம்மை' என்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் பொருள் எளிது. இரவில் பேருந்தின் ஜன்னல் கண்ணாடி வழியே வெளியே பாருங்கள். தெருவிளக்கும் தெரியும், அதன்மேல் உங்கள் முகமும் தெரியும். உண்மைக் காட்சியின் மேல் மற்றொரு காட்சி படிகிறது. அந்த இரண்டாவது காட்சியில் உங்கள் முகத்திற்குப் பதிலாக 'அடுத்த ஊர் நிரவி' என்று எழுத்துகள் தெரிந்தால், அதுவே மிகைமெய்ம்மை. உலகத்தையே மறைத்துவிட்டு வேறோர் உலகத்தைக் காட்டுவது 'மெய்நிகர்' முறை. இது அப்படியன்று; உள்ளதன்மேல் சிறிது கூட்டிக் காட்டுவது.

1968-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லண்ட் தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றைச் செய்தார். அதன் கனம் தாங்க முடியாததால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் போயிங் விமானத் தொழிற்சாலையில், கம்பிகளை எங்கே பொருத்த வேண்டுமென்று தொழிலாளியின் கண்முன்னே காட்டும் முயற்சி நடந்தது. 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்ற பெயரும் அங்கேதான் பிறந்தது. நம் நாட்டுத் 'தேஜஸ்' போர் விமானத்திலும் விமானியின் கண்ணுக்கு நேரே ஒரு கண்ணாடி இருக்கிறது. வேகம், உயரம் முதலியவை அதில் ஒளியெழுத்தாகத் தெரியும். அதை உருவாக்கியது சண்டிகரில் உள்ள மத்திய விஞ்ஞானக் கருவிகள் நிறுவனம்.

இத்தகைய கருவி எதுவாயினும் அதற்கு மூன்று உறுப்புகள் வேண்டும். முதலாவது உணரும் உறுப்பு: காமிரா, முடுக்கமானி, சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப், செயற்கைக்கோள் வழியே இடத்தை அறியும் ஜி.பி.எஸ். ஆகியவை. இரண்டாவது கணக்கிடும் உறுப்பு: சிறிய கம்ப்யூட்டர். மூன்றாவது சொல்லும் உறுப்பு: ஒளியாகவோ, ஒலியாகவோ, அதிர்வாகவோ செய்தியைத் தருவது. பெரும்பாலோர் மூன்றாவதை ஒளி என்று மட்டுமே எண்ணிக்கொள்கிறார்கள். அது சரிதானா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பாறையேற்றம் என்பது யாது?

செங்குத்தான பாறையில் விரல்நுனியும் கால்நுனியும் ஊன்றி ஏறுவது பாறையேற்றம். ஒலிம்பிக்கில் இது முதன்முதலாக இடம்பெற்றது 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில். அது செயற்கைச் சுவரில் நடப்பது. திறந்தவெளியில், உண்மைப் பாறையில் ஏறுவது வேறு வகை. நம் பக்கத்து மாநிலமாகிய கர்நாடகத்தில் பாதாமி, ஹம்பி ஆகிய இடங்கள் இதற்குப் பெயர் பெற்றவை.

ஏறுபவர் இடுப்பில் ஒரு கச்சை கட்டியிருப்பார். அதில் கயிறு இணைந்திருக்கும். கயிற்றின் மறுபகுதி கீழே நிற்கும் துணைவரின் கையில் இருக்கும். அவரைப் 'பிலேயர்' என்பர். நாம் 'கயிறு காப்பவர்' என்று சொல்வோம். ஏறுபவர் போகப்போக, பாறையில் அடித்துள்ள ஆணி வளையங்களில் உலோகக் கொக்கிகளை மாட்டி அவற்றின் வழியே கயிற்றைச் செலுத்துவார். கடைசி வளையத்திற்கு 2 மீட்டர் மேலே இருக்கும்போது கை நழுவினால், வளையம் வரை 2 மீட்டர், அதற்குக் கீழே 2 மீட்டர், ஆக 4 மீட்டராவது விழுவார். கயிற்றின் தொய்வும் நீட்சியும் அதனுடன் சேரும். ஆகவே ஏறுபவரின் உயிர் காப்பவரின் கையில் இருக்கிறது என்பது வெறும் அலங்காரப் பேச்சன்று.

இதை வெளிநாட்டார் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நீலகிரியில் வாழும் குறும்பர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறையில் இறங்கித் தேன் எடுத்து வருகிறார்கள். மலைத்தேனீ செங்குத்துப் பாறையின் முகத்தில் பெரிய அடை கட்டும். காட்டுக் கொடிகளால் ஏணி பின்னி, மேலே மரத்தில் கட்டி, அதன் வழியே இறங்கிப் புகை மூட்டி அடையை அறுப்பார்கள். மேலே ஏணியைக் காத்து நிற்பவர் பெரும்பாலும் இறங்குபவரின் மைத்துனராக இருப்பார். தன் உடன்பிறந்தாளின் தாலிக்குத் தீங்கு வர அவர் விடமாட்டார் அல்லவா! இறங்குபவருக்கும் காப்பவருக்கும் இடையே பாறை மறைத்துக்கொண்டிருக்கும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அவர்களை இணைப்பது குரல் ஒன்றே.

உடலில் அணியும் கருவிக்கு உதாரணம் தேட நாம் நீலகிரிக்குக்கூடப் போகவேண்டாம். நம் பகுதியில் பனை ஏறும் தொழிலாளியைப் பாருங்கள். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் வைக்கும் பெட்டி. வேண்டியதெல்லாம் உடம்பிலேயே இருக்கிறது. கை இரண்டும் மரத்தைப் பிடிக்கக் காலியாக இருக்கின்றன. அணியும் கருவியின் முதல் இலக்கணத்தை அவர் நமக்குக் காட்டிவிட்டார்.

கண்ணாடியில் காட்டினால் என்ன?

"ஏறுபவர் கண்ணாடி ஒன்றை அணிந்துகொள்ளட்டும். அடுத்துக் கை வைக்க வேண்டிய இடம் பச்சை வட்டமாகத் தெரியட்டும். பாதை ஒளிக்கோடாகத் தெரியட்டும்." இதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. எங்களுக்கும் அதுவே தோன்றியது. ஆனால் பாடப்புத்தகத்தைத் திறந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் நான்கு இடையூறுகள் தெரிகின்றன.

முதலாவது, கோணப் பிழை. தலை திரும்பிய கோணத்தைக் கருவி 1 பாகை தவறாக அறிந்தது என்று வைத்துக்கொள்வோம். டேன் 1° = 0.0175. தரையில் நின்று 30 மீட்டர் தொலைவிலுள்ள பாறையைப் பார்த்தால், வட்டம் 30 × 0.0175 = 0.52 மீட்டர் விலகி நிற்கும். அதாவது அரை மீட்டருக்கு மேல். கைப்பிடியோ சில சென்டிமீட்டர் அகலமே உள்ளது. கை நீட்டும் தூரமான 60 சென்டிமீட்டரில் பிழை ஏறத்தாழ 1 சென்டிமீட்டராகக் குறையும். ஆனால் விரல்நுனி ஊன்றும் விளிம்பே அவ்வளவுதான் இருக்கும். வழவழப்பான இடத்தில் பச்சை வட்டம் நின்றால் அது உதவியன்று, ஏமாற்று. ஜி.பி.எஸ். இதைத் திருத்தாது. திறந்த வெளியிலேயே கைப்பேசியின் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் வரை தவறக்கூடும். பாறையோரத்தில் பாதி வானம் மறைந்துபோவதாலும், செயற்கைக்கோளின் அலைகள் பாறையில் மோதித் திரும்புவதாலும் பிழை இன்னும் மிகும்.

இரண்டாவது, வெயில். வகுப்பறையில் வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருக்கும். நண்பகல் வெயிலில் அது ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். பகலில் பேருந்து ஜன்னலில் நம் முகம் தெரிவதில்லை. அதே காரணத்தால் வெயிலில் கண்ணாடியின் ஒளியெழுத்தும் மங்கிவிடும்.

மூன்றாவது, கனம். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட 'ஹோலோலென்ஸ் 2' என்ற கருவியின் எடை 566 கிராம். மேல்நோக்கிப் பார்த்தபடியே இருப்பவரின் கழுத்துக்கு அரைக் கிலோவும் பெரும் பாரம்தான். நெம்புகோல் பாடத்தில் படித்தது போல, பாரம் நெற்றிக்கு முன்னால் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு கழுத்தை இழுக்கும். அந்தக் கருவியின் உற்பத்தி 2024-ல் நிறுத்தப்பட்டது. கூகிள் நிறுவனமும் தன் 'கிளாஸ்' கண்ணாடி விற்பனையை 2023-ல் முடித்துக்கொண்டது. ஆனாலும் மற்ற நிறுவனங்கள் இலேசான கண்ணாடிகளைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே கனம் என்ற குறை ஒருநாள் தீரலாம்.

நான்காவது இடையூறு விஞ்ஞான வளர்ச்சியால் தீராது. அது மனிதனின் கவனம். ஒரு வரியைப் படிக்க 1 விநாடி ஆகும் என்று கொள்வோம். தடையின்றி விழும் பொருள் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழும். ஏறக்குறைய ஒன்றரை மாடி உயரம்! கண் எழுத்தில் இருக்கும் அந்த ஒரு விநாடி, அது பாறையில் இல்லாத விநாடி.

ஆராய்ச்சியாளர் கண்டது

இது எங்கள் கற்பனை மட்டுமன்று. ஜெர்மனியில் சார்புரூக்கன் நகரில் பெலிக்ஸ் கோஸ்மல்லா முதலிய ஆராய்ச்சியாளர்கள் 'கிளைம்ப்அவேர்' என்னும் ஆய்வை நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள். முதலில் 54 பாறையேறிகளிடம், உடலில் எங்கே கருவி அணிந்தால் ஏற்றுக்கொள்வீர்கள் என்று கேள்விகள் கேட்டார்கள். பின்பு ஒரு கருவியைச் செய்து 12 பேருக்கு அணிவித்து, எளிய பாதை ஒன்றிலும் கடினமான பாதை ஒன்றிலும் ஏறச் செய்தார்கள். ஏறும்போது ஒலி, அதிர்வு, ஒளி ஆகிய மூன்று வழிகளில் செய்தி தந்து பார்த்தார்கள். கண்ட முடிவு: மிகவும் ஏற்றது ஒலி, அதற்கு அடுத்தபடியாக, மிக நெருக்கத்தில், அதிர்வு. ஒளி இந்த வேலைக்குப் பொருந்தவில்லை.

அதே ஆண்டில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரைனே கஜஸ்தீலா முதலியோர் வேறொரு வழியை விவரித்தார்கள். கட்டடத்திற்குள் உள்ள செயற்கைச் சுவரின்மேல் புரொஜெக்டரால் ஒளி வீசி, ஏறுபவரைக் காமிரா கவனிக்கச் செய்தார்கள். ஏறுபவர் எதையும் அணிய வேண்டியதில்லை, சுவரே காட்டுகிறது. இது பயிற்சிக்கு நன்று. ஆனால் வெட்டவெளிப் பாறைக்கு யார் புரொஜெக்டர் தூக்கிச் செல்வது?

எங்களை மிகவும் கவர்ந்தது மின்கலமே இல்லாத ஒரு கண்ணாடி. கயிறு காப்பவர் நெடுநேரம் அண்ணாந்து பார்ப்பதால் கழுத்து வலிக்கும். வலித்தால் தலை குனிவார். குனிந்தால் துணைவர் விழுவதைக் காணமாட்டார். இதற்காகப் பட்டகம் பொருத்திய மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். பட்டகத்தினுள் ஒளி எதிரொளித்துத் திரும்புவதால், நேரே பார்த்தபடியே மேலே இருப்பவரைக் காணலாம். பார்வையைக் கூட்டித் தருகிறது. ஒரு எழுத்துக்கூடக் காட்டுவதில்லை. பாட்டரி தீர்ந்துபோகும் கவலையும் இல்லை. அணியும் கருவி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஒலியின் பெருமை

குறும்பர்களின் குரலும் ஜெர்மானியரின் ஆய்வும் ஒன்றையே சொல்கின்றன. கண்ணும் கையும் வேலையாக இருக்கையில் காது மட்டுமே விடுமுறையில் இருக்கிறது. நாம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒலி வந்து சேரும்.

இதற்கு நம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்திலேயே ஒரு சான்று உண்டு. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் இருந்தது. அதில் கம்ப்யூட்டருடன் ஓர் ஒலிபெருக்கியும் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலையைப் பற்றித் தொலைபேசியில் எச்சரித்தார். அச்செய்தியை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் ஓடித் தப்பினார்கள். அதே நாளில் பல நூறு உயிர்களைப் பறிகொடுத்த காரைக்காலுக்கு இதைவிடத் தெளிவாக விளக்க வேண்டியதில்லை. அபாயத்தில் உயிர் காத்தது, திரையில் தெரிந்த படமன்று. காதில் விழுந்த ஒரு வாக்கியம்.

எங்கள் வடிவமைப்பு

மேற்கண்டவற்றைக் கொண்டு, நாங்கள் ஒரு கருவி அமைப்பதானால் எப்படி அமைப்போம் என்பதை எழுதுகிறோம்.

1. தரையில் காட்ட வேண்டும். ஏறுவதற்கு முன் இரு காலும் பூமியில் இருக்கும், அவசரமில்லை, நிழலில் நின்று பார்க்கலாம். அப்போது கண்ணாடியிலோ கைப்பேசித் திரையிலோ பாறையின்மேல் பாதையைக் கோடாகக் காட்டலாம். மலைத்தேனீயின் அடை எங்கே இருக்கிறது, கல் உதிரும் இடம் எது, இறங்கும் வழி எது என்பவற்றைக் குறிக்கலாம். நம் தென்னாட்டுப் பாறைகளில் மலைத்தேனீ பெரிய அபாயம். அரை மீட்டர் பிழை இருந்தாலும் இவற்றுக்குப் பாதகமில்லை. பாறையில் பெயின்ட் அடித்து அம்புக்குறி போட வேண்டிய தேவையும் ஒழியும். செஞ்சிக் கோட்டை போன்ற இடங்களை எண்ணிப் பாருங்கள். 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. ஒளியில் எழுதினால் கல்லில் கீறல் விழாது.

2. கயிற்றுக் கணக்கைப் போட்டுத் தர வேண்டும். இது எங்கள் 'உயரங்களும் தொலைவுகளும்' பாடமே. பாறையிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்க்கிறோம். ஏற்றக் கோணம் 60 பாகை. டேன் 60° = 1.732. எனவே 20 × 1.732 = 34.64 மீட்டர். கண்ணின் உயரம் 1.5 மீட்டரைக் கூட்டினால் பாறையின் உயரம் ஏறத்தாழ 36 மீட்டர். உச்சி வளையத்தின் வழியே கயிறு மேலே சென்று கீழே திரும்ப வேண்டியதால் 72 மீட்டர் தேவை. கையில் இருப்பது 60 மீட்டர் கயிறு என்றால், இறக்கும்போது கயிற்றின் நுனி காப்பவரின் கையை விட்டு நழுவிப் போகும், ஏறியவர் விழுவார். இத்தகைய விபத்துகள் உலகில் உண்மையாகவே நடந்துள்ளன. 'கயிறு போதாது' என்று தரையிலேயே ஒரு சொல் சொன்னால் அந்தக் கருவி தன் விலைக்கு வேலை செய்துவிட்டது எனலாம். அதற்காகக் கயிற்று நுனியில் முடிச்சுப் போடும் வழக்கத்தை விட்டுவிடக் கூடாது. கருவி கணக்கிடட்டும், கை முடிச்சிடட்டும்.

3. பாறையில் பேச வேண்டும், அதுவும் சிறிதே. கால் தரையை விட்டவுடன் ஒளி முழுவதும் அணைய வேண்டும். பின்பு குரல் மட்டுமே. காப்பவரும் ஏறுபவரும் கை படாமல் பேசிக்கொள்ளும் சிறு ரேடியோ போதும். கருவி தானாகச் சொல்லும் செய்தி மூன்றுக்கு மேல் கூடாது: 'கயிறு பாதி முடிந்தது', 'இடி நெருங்குகிறது', 'பாட்டரி குறைகிறது.' நான்காவதாக ஒன்றைச் சேர்க்க ஆசை வந்தால், அது இல்லாவிட்டால் யாருக்காவது அடிபடுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

4. காதை அடைக்கக் கூடாது. மேலிருந்து கல் விழுந்தால் "கல்!" என்று கத்துவார்கள். காதுக்குள் திணிக்கும் ஒலிக்கருவி அந்தக் குரலைத் தடுத்துவிடும். ஆகவே கன்ன எலும்பின் வழியே ஒலியைச் செலுத்தும் வகையைப் பயன்படுத்த வேண்டும். காது திறந்தே இருக்கும்.

5. அணியும் இடம் சரியாக இருக்க வேண்டும். விரலில் எதுவும் கூடாது. மோதிரம்கூடப் பாறை வெடிப்பில் சிக்கிக்கொண்டால் விரலையே கிழித்துவிடும். தலைக்கவசத்தில் துளை போடவோ, கண்ட பசையால் ஒட்டவோ கூடாது; அதன் வலிமை கெடும். கவசத்தில் விளக்கு மாட்டுவதற்கென்று ஏற்கெனவே இருக்கும் பிடிப்புகளில் மாட்டினால் போதும். பாரத்தை நெற்றியில் வைக்காமல் பின்பக்கம் வைத்தால் கழுத்து தப்பும்.

6. பொடிக்கும் மழைக்கும் தாங்க வேண்டும். வியர்வை வழுக்காமலிருக்க ஏறுபவர்கள் மக்னீசியம் கார்பனேட் என்னும் வெண்பொடியைக் கையில் பூசிக்கொள்வார்கள். அது எல்லா இடுக்கிலும் நுழையும். பொடி படிந்த விரலுக்குத் தொடுதிரை ஒழுங்காகப் பணியாது. எனவே தொடுதிரைக்குப் பதில், கண்ணால் பாராமலே அழுத்தக்கூடிய ஒரே ஒரு பெரிய பொத்தான் வேண்டும்.

7. கருவி இறந்தாலும் மனிதர் பிழைக்க வேண்டும். பாட்டரி தீர்ந்துபோகும்; ரேடியோ ஊமையாகும். அதற்காகவே, எத்தனை முறை கயிற்றை இழுத்தால் என்ன பொருள் என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கச்சையை ஒருவர் கையால் தொட்டுச் சரிபார்க்கும் வழக்கத்தைக் கருவி ஒருபோதும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளக் கூடாது. "கருவி சரியென்று சொல்லிவிட்டது" என்ற நினைப்பே கண்ணை மூடச் செய்யும். யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. கம்ப்யூட்டருக்கு மட்டும் சறுக்காதா?

நீங்களே செய்து பாருங்கள்

பாறை இல்லாத ஊரிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒரு தோழி சமதரையில் ஒற்றைக் காலில் நின்று, இரு கைகளாலும் நூலில் மணி கோக்கட்டும். மற்றொருத்தி ஐந்து சொற்களை அட்டைகளில் எழுதி ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் காட்டட்டும். நிற்பவள் அவற்றைப் படித்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை அட்டை வேண்டாம். வேறு ஐந்து சொற்களை வாயால் சொல்லட்டும். நிற்பவள் திருப்பிச் சொல்லட்டும். எந்த முறையில் கால் அதிகம் தரையில் ஊன்றியது, எத்தனை மணி கோத்தாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருத்தியிடம் மட்டும் பாராமல் பத்துப் பேரிடம் செய்யுங்கள். பாதிப் பேருக்குக் குரலை முதலிலும் அட்டையைப் பின்னும் வையுங்கள். இல்லாவிடில் முதல் முறை பழகிவிட்டதால் இரண்டாம் முறை எளிதாகத் தோன்றும். ஜெர்மானிய ஆய்வின் முடிவு உங்கள் வகுப்பிலும் வருகிறதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

முடிவுரை

1984-ல் பச்சேந்திரி பால் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் ஆனார். 2023 மே மாதம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி அச்சிகரத்தை எட்டினார். நம் பிள்ளைகள் மலையேறுவார்களா என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் அணிந்து செல்லும் கருவியை யார் செய்வது என்பதே அடுத்த கேள்வி. அதை நாம் செய்யக் கூடாதா? நம் திருவேட்டக்குடியிலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது.

இவ்வாறு நாம் கற்ற பாடம் பாறையோடு முடிவதில்லை. இரவில் வலை இழுக்கும் மீனவருக்கும் இரு கையும் வேலைதான். பனையின் உச்சியில் இருப்பவருக்கும் அப்படியே. ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்கும் தாதிக்கும், பாரவண்டி ஓட்டுகிறவருக்கும் அப்படியே. அவர்களுக்குக் கருவி செய்ய நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, "இதில் இன்னும் என்னவெல்லாம் காட்டலாம்?" என்பதன்று. "இவருடைய கண் இப்போது எங்கே இருக்கிறது? கை எதைப் பிடித்திருக்கிறது? அதைக் கெடுக்காமல் நான் சொல்லக்கூடிய ஒரே சொல் எது?" என்பதே. அந்தச் சொல்லைச் சரியான நேரத்தில் சொல்லிவிட்டு மௌனமாக இருக்கத் தெரிந்த கருவியே சிறந்த கருவியாகும்.